வீட்டிலேயே வெல்டிங் கற்றுக்கொள்ள முடியுமா? எந்த மெஷினில் ஆரம்பிப்பது?

எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இதுவரை வெல்டிங் ராடு (மின்சாரத்தில் உருகி இரண்டு இரும்பையும் சேர்க்கும் கம்பி) பிடித்ததே இல்லை, வார இறுதியில் இரண்டு மணி நேரம் கிடைக்கும், கார் நிறுத்தும் ஷெட் ஒன்று இருக்கிறது, முதலில் ஒரு வேலை மேசை, பிறகு அலமாரி, முடிந்தால் குழந்தைக்கு ஓர் ஊஞ்சல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் கேள்வி மெஷினைப் பற்றியது மட்டுமல்ல என்று தோன்றுகிறது. பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைத் தானாகக் கற்றுக்கொள்ள முடியுமா, வீட்டுக்கும் உடம்புக்கும் கேடு வராமல் செய்ய முடியுமா, செய்து முடித்ததை நம்பிப் பாரம் ஏற்றலாமா என்பதுதான் நீங்கள் கேட்பது. முதல் இரண்டுக்கும் முடியும் என்பதே பதில். மூன்றாவது, நீங்கள் எதைச் செய்கிறீர்கள், செய்ததை எப்படிச் சோதித்துப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் ஃபேப்ரிகேஷன் (இரும்பை வெட்டி இணைத்துப் பொருள் செய்யும்) வேலையில் பல வருடங்களாக இருப்பவன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ராடு பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். என் அனுபவம் பெரும்பாலும் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பில். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

மெஷின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வீட்டில் ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது இன்வெர்ட்டர் வகை ராடு வெல்டிங் மெஷின் (மின்வெட்டுக்கு வீட்டில் வைக்கும் இன்வெர்ட்டர் அல்ல). 160 முதல் 200 ஆம்பியர் வரை எழுதியிருப்பது போதும், உங்கள் வேலைக்கு அதில் பாதிதான் செலவாகும். மிக் வெல்டிங்தான் சுலபம் என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. கம்பி தானாக வருவதால் முதல் நாளே பார்க்க அழகான கோடு விழும். ஆனால் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து மறைக்க அதற்கு கேஸ் சிலிண்டர் வேண்டும், திறந்த ஷெட்டில் காற்றடித்தால் அந்த கேஸ் கலைந்துவிடும். அதைவிட முக்கியமாக, தடித்த இரும்பில் சூடு போதாமல் ஓட்டினால் மேலே வழவழவென்று இருக்கும், அடியில் இரும்போடு சேர்ந்தே இருக்காது. புதியவருக்கு அது தெரியாது. ராடு வெல்டிங்கில் தப்பு பெரும்பாலும் உடனே முகத்தில் தெரியும். ராடு ஒட்டிக்கொள்ளும், அணைந்துபோகும், கோடு கோணலாகும், ராடின் பூச்சு உருகி வரும் கசடு உள்ளே மாட்டும். கற்றுக்கொள்பவருக்கு அது நல்லது. மிக்கா ராடா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சியாக இருப்பார்கள், எனவே இதை விதியாக எடுத்துக்கொள்ளாமல் என் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். டிக் வெல்டிங்கை (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து, நிரப்புக் கம்பியை இன்னொரு கையால் கொடுக்கும் முறை) இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கை பழகிய பிறகு பார்க்கலாம்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள், டியூட்டி சைக்கிளையும் பாருங்கள். 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் ஓட்டலாம் என்பதுதான் அது. 200 ஆம்பியருக்கு 30 சதவீதம் என்றால் 3 நிமிடம் ஓட்டி 7 நிமிடம் ஆறவிட வேண்டும். 80 ஆம்பியரில் வேலை செய்யும்போது இது உங்களைத் தொந்தரவு செய்யாது. 2.5 மி.மீ. ராடு ஒன்று ஒரு நிமிடம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் கசடு தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடு மாட்டுவதற்குள் மெஷின் ஆறியிருக்கும்.

மின்சாரத்தில் கணக்கு பார்த்தே ஆக வேண்டும். 100 ஆம்பியரில் ஓட்டும்போது ஆர்க்கின் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியின்) வோல்டேஜ் சுமார் 24. ஆக ஆர்க்கில் மட்டும் 2,400 வாட். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். விளக்கு, விசிறி மாட்டும் சாதாரண பிளக் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பிளக், அதற்கெனத் தனி லைன், தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் எல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டுமென்றால் தடித்த வயராக இருக்கட்டும், ஓட்டும்போது முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே விட்டால் சுருளுக்குள் சூடேறி மேலுறை உருகிவிடும்.

ராடில் முதலில் 6013 வாங்குங்கள். அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. முதல் இரண்டு இலக்கம், வெல்டு ஆன உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. மூன்றாவதாக வரும் 1, தரை, செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் ஓட்டலாம் என்பது. கடைசி இலக்கம் மேல்பூச்சின் வகையைக் காட்டுகிறது. அந்தப் பூச்சு சும்மா இல்லை. வெறும் கம்பியை வைத்து ஆர்க் அடித்தால் உருகிய இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க் ராடுக்குப் பூச்சு கொடுத்தார். பூச்சு எரிந்து வரும் வாயு உருகிய இரும்பைக் காற்றிலிருந்து மறைக்கும், மிச்சம் கசடாக மேலே படிந்து ஆறும் வரை காக்கும். 7018 அதைவிட உறுதியான ராடுதான். ஆனால் அது ஈரம் இழுத்தால் அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டில் விரிசல் விடவைக்கும். அதைச் சூடான அடுப்புப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். வீட்டில் ஆரம்பிக்கும்போது அந்தத் தலைவலி வேண்டாம்.

இனி பாதுகாப்பு. இதை நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் உங்களைத் தடுக்க மேற்பார்வையாளர் யாரும் இல்லை.

கண்ணில் ஆரம்பிக்கலாம். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்படலத்தைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு ராத்திரியில், கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி வலிக்கும், தண்ணீர் ஊற்றும், வெளிச்சம் பார்க்க முடியாது. பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும், ஆனாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், கைவைத்தியமாக எதையும் கண்ணில் விடாதீர்கள். 100 ஆம்பியர் வரை ஷேடு 10 என்ற இருட்டு அளவுள்ள கண்ணாடி பொருத்தமாக இருக்கும். தானாக இருட்டாகும் ஹெல்மெட் புதியவருக்கு மிகவும் உதவும், ராடு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே ஆர்க்கைத் தொடங்கலாம். அது இருட்டாகாமல் போனாலும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி நல்ல ஹெல்மெட்டில் எப்போதும் இருக்கும். அதனால் தரச்சான்று முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உங்களைப் போலவே பக்கத்தில் நிற்பவருக்கும் கண் சுடும். குழந்தை எட்டிப் பார்க்காதபடி ஷெட் வாசலுக்கு ஒரு வெல்டிங் திரை போடுங்கள். தோலும் வெயிலில் நின்ற மாதிரி சிவந்து உரியும், எனவே கழுத்து வரை மூடிய முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய தோல் ஷூ. பாலியஸ்டர் துணி கூடாது, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து புகை. வெல்டிங் புகையையும் வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் சேர்த்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுபவரின் ஆபத்தும் தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுபவரின் ஆபத்தும் ஒன்றல்ல. ஆனாலும் தப்பிப்பதற்கான வழி சுலபமாக இருக்கும்போது ஏன் சுவாசிக்க வேண்டும்? புகை நேரே மேலே எழும். புதியவர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தலையைச் சரியாக அதன் மேல் கொண்டுபோய் வைப்பார்கள். கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள், கதவைத் திறந்து வையுங்கள், புகை உங்கள் முகத்துக்கு வராமல் வெளியே போகும்படி விசிறியை வையுங்கள், அதற்கேற்ற முகமூடியும் போடுங்கள். ஜி.ஐ. குழாயைத் தொடாதீர்கள். அதன் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆக இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், உடம்பு வலி வரும். முதலில் பால் குடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், நுரையீரலுக்குப் போகும் புகையை வயிற்றிலுள்ள பால் தடுக்காது. இன்னொன்று, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. ஆர்க் பட்டால் அந்த ஆவியிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்டது அது.

நெருப்பைப் பொறுத்தவரை, உங்கள் ஷெட்டில் கார் நிற்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. காரை வெளியே எடுத்த பிறகே மெஷினை ஆன் செய்யுங்கள். பெட்ரோல் கேன், பெயின்ட், தின்னர், எண்ணெய்த் துணி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பொறி பத்து மீட்டர் தாண்டியும் உருண்டு போகும், அதனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளில் சுற்றிலும் சுமார் 11 மீட்டர் தூரத்தைக் காலியாக வைக்கச் சொல்வார்கள். வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் அங்கேயே கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருங்கள், இடுக்கில் புகைந்துகொண்டிருப்பது அதற்குள் தெரிந்துவிடும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடிய டிரம், பழைய எரிபொருள் டேங்க் போன்றவற்றில் ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். காலியாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம், உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவியே வெடிக்கப் போதும்.

என் பார்வையில் வெல்டிங் மெஷினைவிட ஆபத்தானது ஆங்கிள் கிரைண்டர். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கட்டிங் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். வெட்டும் வீலைப் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்கக் கூடாது, அது உடைந்து தெறிக்கும். தேய்ப்பதற்குத் தடித்த கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுவதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள், அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். வெட்டும் துண்டின் இரண்டு பக்கத்தையும் தாங்கிப் பிடித்தால் வெட்டிய இடைவெளி மூடிக்கொண்டு வீலைக் கவ்விக்கொள்ளும், கிரைண்டர் எகிறும். ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்து, மறு பக்கம் சுதந்திரமாக விழும்படி விடுங்கள். கண்ணாடியோடு முகக்கவசமும் கட்டாயம்.

ஷாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்க் இல்லாத நேரத்தில் ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரில் பொதுவாக 60 முதல் 80 வோல்ட் நிற்கும். காய்ந்த கையுறையும் காய்ந்த ஷூவும் இருந்தால் பிரச்சினை இல்லை. வியர்த்து நனைந்த கையுறையோடு, இரும்பின் மேலேயே உட்கார்ந்து ராடு மாற்றினால் பிரச்சினைதான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங் பக்கம் போகவே கூடாது.

சரி, இப்போது கைவேலைக்கு வருவோம். 6 மி.மீ. தடிமனில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துருவையும் பெயின்ட்டையும் கிரைண்டரால் எடுத்துப் பளிச்சென்று ஆக்குங்கள், மெஷினின் இன்னொரு வயரை இரும்போடு இணைக்கும் எர்த் கிளாம்ப் கவ்வும் இடத்தையும் சேர்த்து. 2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர். ராடின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 30 முதல் 35 ஆம்பியர் என்பது ஆரம்பத்துக்கு நல்ல கணக்கு, மேலே கீழே போய் உங்கள் மெஷினுக்கு எது பொருந்துகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். தீக்குச்சி உரசுவதைப் போல ராடு முனையைத் தகட்டில் லேசாக உரசி, ஆர்க் பிடித்ததும் கொஞ்சம் தூக்குங்கள். ஆரம்பத்தில் ராடு ஒட்டிக்கொள்ளும். பதறாமல் ஹோல்டரைப் பக்கவாட்டில் முறுக்கினால் விட்டுவிடும், விடவில்லை என்றால் மெஷினை ஆஃப் செய்துவிட்டு எடுங்கள்.

ஆர்க் பிடித்ததும் கண்ணாடி வழியாக வெறும் வெளிச்சம்தான் தெரியும். பலர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், அதனால்தான் வருடக்கணக்கில் ஓட்டியும் கோடு சீராக வருவதில்லை. வெளிச்சத்துக்குப் பின்னால், ராடு கடந்து வந்த பக்கம் பாருங்கள். அங்கே உருகிய இரும்பு ஒரு சின்னக் குட்டையாக நிற்கும், வழவழவென்று, தண்ணீரைப் போல லேசாக நடுங்கிக்கொண்டு. அதற்குப் பின்னால் சொரசொரப்பாக, சுழன்று சுழன்று கசடு மிதந்து வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு தெரிகிற நாளில் உங்களுக்கு வெல்டிங் புரிய ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். குட்டை ராடின் தடிமனைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் நிற்கும்படி கையை நகர்த்துங்கள். கசடு குட்டையைத் தாண்டி முன்னால் ஓடி வந்தால் அது உள்ளே மாட்டிக்கொள்ளும். ராடைப் போகும் திசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து ஆர்க்கின் வேகம் கசடைப் பின்னால் தள்ளும்படி செய்யுங்கள், ஆர்க்கைக் குறுக்குங்கள், அல்லது ஐந்து ஆம்பியர் ஏற்றுங்கள்.

ராடு எரிந்து குறைந்துகொண்டே இருப்பதால் கை முன்னே நகரும்போதே கீழேயும் இறங்க வேண்டும். இதுதான் எல்லாருக்கும் தகராறு. முனைக்கும் இரும்புக்கும் இடையில் ராடின் கம்பித் தடிமன் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. காதும் இதில் உதவும். இடைவெளி சரியாக இருந்தால் சீரான சடசடப்பு கேட்கும். கூடிப்போனால் சத்தம் உள்ளீடற்றுப் போய் ஊதுவது போலாகும், சுற்றிலும் பொறி உருண்டைகள் சிதறி ஒட்டும். ஆறியதும் கசடைத் தட்டிவிட்டுக் கோட்டின் மேலிருக்கும் அலை வரிகளைப் படியுங்கள். வரிகள் கூர்மையாக நீண்டிருந்தால் வேகமாக ஓடிவிட்டீர்கள். கோடு குவிந்து மேடாக, ஓரம் ஒட்டாமல் நின்றால் ஆம்பியர் குறைவு. ஓரத்தில் இரும்பு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் ஆம்பியர் அதிகம், அல்லது ஆர்க் நீண்டுவிட்டது. ஒரு கோட்டின் மேல் பாதி ஏறும்படி அடுத்த கோடு என்று தகடு முழுவதும் நிரப்புங்கள், பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். அலுப்பான வேலைதான். ஆனால் கை பழகுவது இதில்தான்.

அடுத்தது என் பதிலிலேயே முக்கியமான பகுதி. வேலைத்தளத்தில் வெல்டரின் வேலையைச் சோதிக்க ஆள் இருப்பார், எக்ஸ்ரே கூட எடுப்பார்கள். வீட்டில் உங்கள் வெல்டைச் சோதிக்க உங்களைத் தவிர யாரும் இல்லை. எனவே நீங்கள் வைத்த வெல்டை நீங்களே உடைத்துப் பார்க்க வேண்டும். 6 மி.மீ. பட்டையில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றை மற்றொன்றின் மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரே ஒரு பக்கம் மட்டும் மூலையில் வெல்டு வையுங்கள். முழுக்க ஆறியதும் அடித்துண்டை வைஸில் (மேசைப் பிடிப்புக் கருவியில்) இறுக்குங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, நிற்கும் துண்டை வெல்டின் மேலேயே மடக்குங்கள். இப்படி அடித்தால் வெல்டின் வேர்ப் பகுதி விரிந்து திறக்கும். நல்ல வெல்டு என்றால் துண்டு மடங்கிப் படுத்துவிடும், வெல்டு விடாது. உடைந்தால் உடைந்த முகத்தை நன்கு வெளிச்சத்தில் பாருங்கள். முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தால் இரும்பு சேர்ந்துதான் இருந்தது, வெல்டின் அளவு மட்டும் போதவில்லை. உருண்டைத் துளைகள் இருந்தால் ஈர ராடு, அழுக்கு, நீண்ட ஆர்க் இவற்றில் ஒன்று காரணம். கறுத்த கண்ணாடி போன்ற கோடு தெரிந்தால் கசடு மாட்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது இது: மூலையின் ஆழத்தில் நீங்கள் வெட்டிய துண்டின் கூர்விளிம்பு அப்படியே இருக்கும், கட்டிங் வீல் போட்ட கீறல்கள்கூட அழியாமல் தெரியும். அப்படியானால் அந்த இடத்தில் இரும்பு உருகவே இல்லை. வெல்டு மேலே பாலம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க எனக்கும் முடியாது, உடைத்தால்தான் தெரியும். மேலே அழகாக இருந்த துண்டு இப்படி உடைவதும், கோணலான துண்டு உடையாமல் மடங்குவதும் நடக்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கோட்டின் அழகை மட்டும் வைத்து எந்த வெல்டையும் நம்ப மாட்டீர்கள்.

துண்டுகள் தொடர்ந்து உடையாமல் மடங்க ஆரம்பித்ததும் மேசையைத் தொடங்குங்கள். கால்களுக்கு 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். ஒரு மி.மீ. சொச்சக் குழாய் விலை குறைவு, ஆனால் புதியவர் கையில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். 2 மி.மீ. கனத்துக்கே 2 மி.மீ. ராடு, 50, 60 ஆம்பியர், ஓர் அங்குலம் ஓட்டி நிறுத்தி ஆறவிடுவது என்று போக வேண்டும். மேல் தகடு 6 மி.மீ. போதும். ஒரு மீட்டருக்கு 60 செ.மீ. என்றால் அதுவே 28 கிலோ வரும், தூக்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மேசையில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது கோணல் பற்றி. இரும்பு 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். வெல்டு வைத்த இடம் ஆயிரத்துக்கு மேல் போய்த் திரும்ப ஆறிச் சுருங்கும்போது இரண்டு துண்டையும் தன் பக்கம் இழுக்கும். மூலைமட்டம் வைத்துச் சரியாக நிறுத்தியது, ஒரே மூச்சில் வெல்டு ஓட்டி முடித்ததும் சாய்ந்திருப்பது இதனால்தான். முதலில் எல்லா மூலைகளிலும் சின்னச் சின்ன டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்டு) மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு வழியும் டேப் பிடித்து அளந்து பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரம். இல்லையென்றால் டேக் நிலையிலேயே தட்டிச் சரிசெய்யலாம். பிறகு இங்கே ஒன்று, எதிர்மூலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மேல் தகட்டைச் சுற்றிலும் முழுக்க வெல்டு வைக்காதீர்கள், வளைந்துவிடும். விட்டுவிட்டு இரண்டு அங்குலத் துண்டு வெல்டுகள் தாராளம். காந்த மூலைப்பிடியை டேக் வைக்கும் இடத்துக்கு மிக அருகில் வைத்தால் காந்தப்புலம் ஆர்க்கை ஒரு பக்கம் இழுக்கும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழாயின் இரண்டு முனையையும் அடைப்பதானால் முதலில் ஒரு சின்னத் துளை போடுங்கள், இல்லையென்றால் உள்ளே சூடாகும் காற்று கடைசித் துளி வெல்டை ஊதித் தள்ளும்.

அலமாரி, கிரைண்டர் ஸ்டாண்ட், செடித்தொட்டித் தாங்கி இவையெல்லாம் அதே வழியில் வரும். ஊஞ்சலை மட்டும் இப்போது செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊஞ்சலின் மூட்டில் பாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குறை, மாதக்கணக்கில் விரிசலாக வளர்ந்து ஒரு நாள் முறியும். வெல்டு செய்த பொருள் முழுவதும் ஒரே துண்டு என்பதால் விரிசல் மூட்டோடு நிற்காமல் அடுத்த பாகத்துக்கும் ஓடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், புதிதாகக் கட்டிய ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகும் வெல்டிலிருந்த குறையும் சேர்ந்து செய்த வேலை அது. ஊஞ்சல், ஏணி, காரைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட், வண்டியின் ஸ்டீயரிங் அல்லது சஸ்பென்ஷன் பாகம், அழுத்தம் தாங்கும் டேங்க் இவற்றைத் தேர்ந்த ஒரு வெல்டரிடம் விடுங்கள். வெட்டுவது, துளை போடுவது, பெயின்ட் அடிப்பது உங்கள் கையால் இருக்கட்டும்.

எவ்வளவு நாளில் வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். சிலருக்குச் சில வாரங்களிலேயே கை நிலைத்துவிடுகிறது, சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சி கிடைத்தால் போய்விடுங்கள், அல்லது ஒரு பட்டறையில் கேட்டு, ஹெல்மெட்டோடு ஒரு மாலை பக்கத்தில் நில்லுங்கள். நல்ல வெல்டரின் குட்டை எவ்வளவு அசையாமல் நகர்கிறது என்பதை நேரில் பார்ப்பது எந்த வீடியோவிலும் கிடைக்காது. கேமராவின் கண் வேறு, உங்கள் கண் வேறு.

கடைசியாக, பின்னாளில் அலுமினியமும் செய்ய முடியுமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அலுமினியம் என் அன்றாட வேலை அல்ல, அதன் நுணுக்கங்களை அதையே செய்பவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் இப்போதே தெரிந்திருக்கட்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைக்கத்தான் ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் டிக் மெஷின் வைத்துச் செய்கிறார்கள். இப்போது நான் வாங்கச் சொன்ன ராடு மெஷின் டி.சி. மட்டும் தருவது. அலுமினியத்துக்கும் சேர்த்தே ஒரே மெஷினாக வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்லி விலை கூடிய மெஷின் பக்கம் போகாதீர்கள், அதற்கு அப்போது தனியாக வாங்கிக்கொள்ளலாம்.